ஏழு வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் என் கல்லீரலும்

பீர்க்கன்கரணை,
15.11.2025, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் மிகுந்த அன்புக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய தபீதாள் அக்காவுக்கு, தம்பி காலேப் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் என் வீட்டுக்காரி அபிகாயிலும் சுகம். சுகம் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இருக்கிறது, விவரம் கீழே. அங்கே வார்டில் ஃபேன் ஓடுகிறதா, பக்கத்துப் படுக்கை அம்மா இன்னும் சத்தமாக சீரியல் பார்க்கிறாரா என்பதை அறிய ஆவல்.

நேற்று போனில் டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்டாய். நான் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே, "டேய், நீ பேசினா எனக்கு ஒண்ணும் விளங்கலடா. நடந்ததை வரிசையா எழுதி அத்தான்கிட்ட கொடுத்தனுப்பு" என்று வைத்துவிட்டாய். இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருப்பவள் சொன்னால் தட்ட முடியுமா? எழுதுகிறேன். ஆனால் வரிசையாக வருமா என்று தெரியவில்லை, ஏனென்றால் எனக்கே எதுவும் வரிசையாகப் புரியவில்லை.

முதலில் செப்டம்பரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கல்லீரல் மாற்ற வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் செய்தால் நல்லது என்றார்கள். அத்தான்தான் முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றார். அவர் ஈரலில் இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு, இது ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கல்யாணத்திலும் இரண்டாம் பந்தியிலும் ஒரு இலை போடச் சொல்கிற மனுஷன், வேறெப்படி இருக்கும்? அடுத்து நான். எனக்கு ஆறு சதவீதம்தான். டாக்டர் மஹாலட்சுமி "சூப்பர் சார், அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்னை ஒருத்தர் சூப்பர் என்றது அன்றைக்குத்தான் அக்கா. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அதோடு விட்டார்களா? ரத்த டெஸ்டில் எல்லாம் நார்மல் என்று பேப்பர் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று எழுந்தால், "இல்ல சார், இனிமேதான் உங்க லிவர் வேலை செய்யுதான்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். நார்மல் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வேலை செய்கிறதா என்று கேட்டால் எப்படிம்மா என்றேன். அந்தப் பெண் பொறுமையாக, "உங்க ஆபீஸ்ல ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டவங்க எல்லாரும் வேலை பார்க்கிறாங்களா சார்?" என்று கேட்டது.

கல்லீரலின் அளவு வேறு, அதன் உழைப்பு வேறாம். ஸ்கேனில் அளந்து, அறுபத்து மூன்று சதவீதம் உனக்கு, முப்பத்தேழு எனக்கு மிச்சம் என்றார்கள். அந்த முப்பத்தேழும் சோம்பேறியாக இருந்தால் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பதால், எவ்வளவு வேகமாக வேலை பார்க்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார்கள். அதில் என்னையும் சேர்த்துக்கொண்டு நாலு பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பச்சைச் சாயத்தை ஊசியில் ஏற்றி, விரலில் கிளிப்பை மாட்டி, கால் மணி நேரத்தில் ஈரல் எவ்வளவு சாயத்தை வெளியேற்றுகிறது என்று பார்ப்பார்கள். இருபத்து நாலு வருஷ சர்வீஸில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி எனக்குக் கிடைக்கவில்லை, கடைசியில் உடம்புக்குள்ளேயே ஏற்றிக்கொண்டேன். இன்னொரு டெஸ்டில் ஏதோ மருந்தைக் குடிக்கக் கொடுத்து, முகமூடியில் ஒரு மணி நேரம் மூச்சு விடச் சொல்வார்கள். ஈரல் வேலை செய்தால் மூச்சில் தெரியுமாம். எப்படித் தெரியும் என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் தலையாட்டினேன். இன்றுவரை புரியவில்லை. ஆனால் செப்டம்பரில் இரண்டிலும் பாஸ்.

வினை நம்ம சபையில்தான் ஆரம்பித்தது. ஆயர் ஐயா உனக்காக ஏழு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று அறிவித்தார். நானும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். பெண்கள் சங்கச் செயலாளர் ஜோவிதா அக்கா எழுந்து, "காலேப் தம்பி ஈரல்ல முக்கால்வாசி அறுத்துக் கொடுக்கப் போறாரு, அவரு பட்டினி கிடந்தா தாங்குமா? அவருக்குப் பதிலா நாங்க இருக்கோம். நாங்க சாப்பிடாத சாப்பாடு அவருக்குப் போகட்டும்" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஆமென் சொன்ன பிறகு எங்கே போய் மறுப்பது?

முதல் வெள்ளி பதினொரு கேரியர் வந்தது அக்கா. மட்டன் பிரியாணி, வஞ்சிரம் வறுவல், நெய்ச்சோறு, கேரட் அல்வா. வெட்டின ஈரல் திரும்ப வளரும் என்று நான் பெருமைக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு "வளரணும்னா தீனி வேணும்ல" என்று அவரவர் வீட்டு நெய்யை அவிழ்த்துவிட்டார்கள். அபிகாயில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றாள். அது சாதாரணச் சாப்பாடா? ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் ஒரு குடும்பம் கண்ணீர் விட்டு ஜெபித்த சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் தின்றால் ஜெபம் அவர் ஈரலுக்கல்லவா போய்ச்சேரும்? இப்படி நினைத்துத்தான் ஒரு பருக்கை விடாமல் நானே சாப்பிட்டேன். சபையே பட்டினி கிடந்தது, நான் ஒருத்தன் ஏப்பம் விட்டேன்.

டாக்டர் எச்சரித்தாரே என்று நீ கேட்பாய். எச்சரித்தார்தான். நானும் ஜோவிதா அக்காவிடம் போய்ச் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி" என்று அடுத்த வாரம் பாயாவும் சேர்த்து அனுப்பினார். அக்டோபரில் மூச்சு டெஸ்டை இன்னொரு தடவை எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஆறரைக்கு, கிளம்புகிற பிள்ளைக்கு ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போகிறோம் என்று நாலு பேர் இடியாப்பத்தோடு வந்துவிட்டார்கள். குழம்பை மட்டும்தான் தொட்டேன் என்று டாக்டரிடம் சத்தியம் செய்தேன். சட்டையில் தேங்காய்ப்பால் சிந்தியிருந்ததை அந்தப் பெண் பார்த்துவிட்டது. இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

இதிலெல்லாம் பெரிய குற்றவாளி யார் தெரியுமா? உன் புருஷன்தான். கோபப்படாமல் படி. மற்றவர்கள் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார்கள். அத்தான் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, தாம்பரத்தில் அவர் ஆபீஸிலிருந்து என் ஆபீஸுக்கு நடந்து வந்து, ஐந்தடுக்குக் கேரியரை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். திறந்தால் வாரத்தில் மூன்று நாள் ஆட்டு ஈரல் வறுவல். "ஈரலுக்கு ஈரல்தான் மாப்ள மருந்து, மிச்சம் வைக்காத" என்பார். நீங்க சாப்பிட்டீங்களா அத்தான் என்றால், "ஆச்சு ஆச்சு" என்று கையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிவிடுவார். கவலையில் அவர் இளைத்துவிட்டதாக நீ அழுதாய். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கவலைப்படுகிற மனுஷன் தினமும் ஐந்தடுக்குச் சமைப்பாரா என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சலும் வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

நேற்று கடைசி டெஸ்ட். ஆட்டோ கோதண்டம்தான் கூட்டிக்கொண்டு போனான். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் கண்ணாடியில் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார், ரெண்டு மாசம் முன்ன நீ குந்துனா வண்டி நேரா போச்சு, இப்ப ஒரு பக்கமா சாஞ்சிகினே போவுது. ஒடம்புக்கு இன்னா?" என்றான். ஆபரேஷனுக்குத் தயாராகிறேன் என்றேன். "யாருக்கு, ஒனக்கா வண்டிக்கா?" என்றான்.

கொழுப்பு பதினெட்டு சதவீதம் அக்கா. பச்சைச் சாயமும் மெதுவாகத்தான் இறங்கியதாம். டாக்டர் மஹாலட்சுமி கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "சார், ஏழு வாரத்துல இப்படி நான் எங்கேயும் பார்த்ததில்ல. நீங்க கொடுக்க முடியாது" என்றார். உபவாச ஜெபத்தால் வந்தது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

இதுதான் நடந்தது. சின்ன வயசில் எனக்கு டைபாய்டு வந்தபோது பரீட்சையை விட்டுவிட்டு பத்து நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு ஒன்று செய்ய எனக்கு வாய்த்தது இந்த ஒரு வாய்ப்பு, அதையும் நான் தின்றே தீர்த்துவிட்டேன். நேற்று திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அழுதேன். கிறிஸ்துமஸுக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது, இனி யாரைத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கடிதத்தை அத்தான் வழியில் பிரிக்காமலிருக்க உறையைப் பசை போட்டு ஒட்டப்போகிறேன்.

கர்த்தர் உன் படுக்கையருகே தங்கி உன்னைத் தேற்றுவாராக. அபிகாயில் தன் அன்பைச் சொல்கிறாள். வார்டு சிஸ்டருக்கும் பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் என் வணக்கம்.

கீழ்ப்படிதலுள்ள, பதினெட்டு சதவீதத் தம்பி,
காலேப்

பி.கு.: பசையை எடுக்கப் போனபோது, கடிதத்தை வாங்க அத்தான் வந்துவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை. அபிகாயில் தோசை வைத்தாள், தொடவில்லை. அப்போது அவர் போன் அடித்தது, டாக்டர் மஹாலட்சுமி. பேசி முடித்துவிட்டு மனுஷன் எங்கள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். அவரைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கே, எடையைக் குறைத்தால் கொழுப்பும் குறையும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிட்டார், ராத்திரிக்குக் கஞ்சி மட்டும். வார்டில் சேரும்வரை நீ வீட்டில்தானே இருந்தாய், கவனித்துவிடுவாய் என்று வழக்கம்போல் சமைத்து, கேரியர் கட்டி, ஆபீஸுக்கு எடுத்துப் போகிறாற்போல் உன் எதிரிலேயே கிளம்பியிருக்கிறார். பதினோரு கிலோ குறைந்திருக்கிறார். கொழுப்பு ஐந்து சதவீதம். சாயம், மூச்சு, ஸ்கேன் எல்லாம் போன வாரமே எடுத்து, இன்று பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பர் இரண்டாம் தேதி ஆபரேஷன். "தபீதாளுக்குத் தெரிஞ்சா எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்து வேணாம்னு சொல்லிடுவா, நீ குடுக்கிறதாவே இருக்கட்டும்" என்கிறார். நீயோ நடந்ததை எழுது என்றாய், எழுதிவிட்டேன். அவரைப் பற்றி மேலே எழுதியதை உன் சிவப்பு மையால் அடித்துவிடு. இரண்டு மாதமாக நான் தின்றது அவருடைய சாப்பாடு அக்கா. இன்றைக்கும் உன்னிடம் வந்து சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வார்.