பதினொரு கத்திரிக்காய்

மாமியார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னபோது செடியில் பதினொரு கத்திரிக்காய் இருந்தது. அதாவது, தொலைபேசியில் இருந்தது. பால்கனியில் ஒன்றுகூட இல்லை.

"நேர்ல பார்க்கணும்னு ஆசையா இருக்கு மாப்பிள்ளை," என்றார் மாமியார். "புதுக் கண்ணாடியும் வந்தாச்சு. இப்பதான் எல்லாம் பளிச்சுனு தெரியுது."

அந்தக் கண்ணாடியைச் செய்துகொடுத்தது அவன்தான். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துவது அவன் வேலை. வேலையில் தவறு செய்ய மாட்டான். முதல்முறையாக அதற்காக வருத்தப்பட்டான்.

"அவ சித்தப்பாவும் வர்றார். கார்லதான் வர்றோம். உங்களுக்குச் சிரமமா இருந்தா சொல்லுங்க, தொட்டி ரெண்டையும் தூக்கி வெச்சு எடுத்துட்டு வந்துடுறேன். இங்க என் செடியோட செடியா இருந்துட்டுப் போகுது."

"சிரமம் எல்லாம் இல்ல அத்தை. நல்லா காய்க்குது."

"காய்ச்சா அங்கயே இருக்கட்டும். பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

மனைவி இறந்து எட்டு மாதம். அவள் விட்டுப்போனதில் தண்ணீர் கேட்பவை அந்த இரண்டு தொட்டிகள்தான். ஒன்று கத்திரி, ஒன்று மிளகாய். அவள் இருந்தவரை இரண்டும் வருடம் முழுக்கக் காய்த்தன. வேலை முடிந்து வந்தவனைச் செருப்பைக் கழற்றவிடாமல் பால்கனிக்கு இழுத்துப் போவாள். அவன் கிட்டே போனால், "தொடாதீங்க, உங்க கை சூடு," என்பாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பான். அவள் அம்மாவுக்கும் அதே கைராசி என்று உறவில் பேச்சு.

எட்டு மாதமாகத் தினமும் தண்ணீர் ஊற்றினான். செடிகள் குடித்தன. பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை.

மாமியார் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அழைப்பார். ஆரம்பத்தில் இருவரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஒரு வாரம் மாமியார், "செடி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு," என்றான். அது சுலபமாக இருந்தது. அடுத்த வாரம் பூ விட்டது. அதற்கடுத்த வாரம் பிஞ்சு பிடித்தது. பொய் உரமில்லாமலே வளர்ந்தது. இப்போது பதினொன்றில் வந்து நிற்கிறது.

தொட்டிகள் போய்விட்டால் ஞாயிறு பத்து மணிக்குப் பேச ஒன்றும் இருக்காது. மற்ற நாட்களில் அவன் வீடு திரும்ப வேண்டிய அவசியமும் இருக்காது.

திங்கட்கிழமை உரம் வாங்கினான்.

"தொட்டிக்கு ஒரு ஸ்பூன்," என்றார் கடைக்காரர்.

"எட்டு மாசமா போடலை."

"அதுக்கும் ஒரு ஸ்பூன்தான்."

அவன் எட்டு ஸ்பூன் போட்டான். புதன்கிழமை பாதி இலைகள் உதிர்ந்தன. மீதி இலைகள் ஒரே மாதிரி சுருண்டுகொண்டன.

செடிதான் இப்படி, தொட்டியாவது பார்வையாக இருக்கட்டும் என்று இரண்டையும் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தேய்த்துக் கழுவினான். வெளிப்பக்கத்தில் மனைவி 'கத்திரி', 'மிளகாய்' என்று எழுதி வைத்திருந்தது அழுக்கோடு போய்விட்டது. அது அவள் கையெழுத்து என்பது கழுவி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டையும் பால்கனிக்குக் கொண்டுபோனான். எது எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை. கைப்பேசியில் தேடினான். கத்திரிக்கு இலை அகலமாக இருக்கும் என்று போட்டிருந்தது. சுருண்ட இலைக்கு அகலம் எது, நீளம் எது என்று போடவில்லை.

வியாழக்கிழமை நர்சரியிலிருந்து காய்த்த கத்திரிச்செடி ஒன்றை வாங்கி ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தான். அதில் ஐந்து காய். வழியில் ஐந்து வேகத்தடை. வீட்டுக்கு வந்தபோது அவனிடம் காய்க்காத செடிகள் மூன்று இருந்தன. புதியதை அடுப்படி மூலையில் ஒளித்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை தெருவில் காய்கறிக்காரம்மாவின் வண்டி வந்தது. இறங்கிப் போனான்.

"கத்திரிக்காய் வேணும். காம்பு நீளமா."

ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தான். அந்தம்மா கேட்கவில்லை.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"பெருசு சின்னது கலந்து போடுறேன்."

"ஒரே அளவா போடுங்க."

"ஒரே அளவு நல்லா இருக்காது சார். கலந்தே எடுத்துக்குங்க." அந்தம்மா ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்து எடுத்து வைத்தார். "மிளகாயும் காம்போடதானே?"

அவன் மிளகாய் கேட்டிருக்கவில்லை. "ஆமா," என்றான்.

"உங்க வீட்டுல வாங்கி ரொம்ப நாளாச்சு," என்று சொல்லிவிட்டு அந்தம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அரை ஃபிரேம் கண்ணாடிகளில் வில்லையைக் கீழ்ப்பக்கம் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய நைலான் இழை. போட்டிருப்பவருக்கே அது தெரியாது. அந்த இழை அறுந்து அவன் பார்த்ததில்லை. சனிக்கிழமை கடையில் அதில் நாலு முழம் வெட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தான். முதலாளி பார்த்துவிட்டார்.

"எதுக்குய்யா இவ்வளவு?"

"கத்திரிக்காய்க்கு சார்."

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பவர் எவ்வளவு?"

"எதுக்கு?"

"கத்திரிக்காய்க்கு."

அவன் இழைச் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதலாளி குரலைத் தணித்து, "ஒரு வாரம் லீவு வேணும்னா எடுத்துக்கப்பா," என்றார்.

சாயங்காலம் வேலையை ஆரம்பித்தான். கத்தரிக்கோல் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தான். மனைவியின் இழுப்பறை. கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் பச்சை நூல்கண்டு ஒன்று பாதி தீர்ந்து கிடந்தது. அவளுக்குத் தைக்கத் தெரியாது. சட்டையில் பட்டன் விழுந்தால் அவன்தான் தைத்துக்கொள்வான். நூல்கண்டைத் தொடாமல் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினான்.

எது கத்திரி என்பதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. வலது பக்கம் என்று முடிவு செய்தான். வில்லை பொருத்தும் கை என்பதால் முடிச்சுகள் சுத்தமாக விழுந்தன. ஏழாவது காயில் செடி தலை குனிந்தது. ஒட்டடைக் குச்சியை இரண்டாக உடைத்து முட்டுக் கொடுத்தான். இடது செடியில் மிளகாய்களைக் கட்டினான். அறை வெளிச்சத்தில், நாலடி தள்ளி நின்று பார்த்தால், எட்டு மாதத்தில் முதல்முறையாகச் செடிகள் நன்றாக இருந்தன.

ஞாயிறு காலை ஒரு காய் கீழே கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. காம்புதான் காய்ந்து விட்டுக்கொடுத்திருந்தது. மறுபடி கட்டக் குனிந்தபோது அழைப்பு மணி அடித்தது. காயைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான்.

சித்தப்பா முதலில் நுழைந்தார். விவசாயத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மண்ணைத்தான் பார்ப்பார்.

"எங்க மாப்பிள்ளை தோட்டம்?"

"ரெண்டு தொட்டிதான் மாமா."

"தொட்டின்னா என்ன? எங்க அண்ணி கை பட்டா கல்லுகூடக் காய்க்கும். மழையோ வெயிலோ, அவங்க வீட்டுச் செடியில காய் இல்லாத நாள் கெடையாது. எங்க டிபார்ட்மெண்டுல யாராலயும் காரணம் சொல்ல முடியல. அந்தக் கை அப்படியே பொண்ணுக்கு வந்துடுச்சு."

 மாமியார் பால்கனி வாசலில் நின்று, கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பத்துதான் இருக்கு," என்றார்.

"ஒண்ணைச் சமைச்சுட்டேன் அத்தை."

"எப்படி இருந்துச்சு?"

"கத்திரிக்காய் மாதிரி இருந்துச்சு."

பையிலிருந்த கத்திரிக்காய் தொடையில் இடித்தது.

சித்தப்பா அதற்குள் வலது செடியின் இலை ஒன்றைப் பிரித்து, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்திருந்தார். "மாப்பிள்ளை, இது மிளகாய்ச் செடியாச்சே."

 சித்தப்பா இடது பக்கம் திரும்பினார். "இது கத்திரிச்செடி. இதுல மிளகாய் தொங்குது."

அவன் தன்னுடைய வாழ்க்கையில் சொல்லக்கூடிய எல்லா வாக்கியங்களையும் தேடிப் பார்த்தான். இதற்கு ஒன்றும் இல்லை.

"ஒட்டுச்செடி," என்றார் மாமியார்.

"என்ன அண்ணி?"

"என் பொண்ணு ஒட்டுக் கட்டி வெச்சுட்டுப் போயிருக்கா. அதுல இது, இதுல அது. உங்களுக்குத் தெரியாததா?"

சித்தப்பா முப்பது வருட அனுபவத்தை ஒரு நிமிடம் யோசித்தார். "தெரியாம என்ன? ரெண்டும் ஒரே குடும்பம்தானே. செய்யலாம். நானே செய்யணும்னு இருந்தேன், அதுக்குள்ள ரிட்டயர்மெண்ட் வந்துடுச்சு." கத்திரிக்காய் ஒன்றைப் பிடித்தார். "ஒண்ணைப் பறிச்சுப் பார்த்துடுவோம்."

இழுத்தார். காய் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். காயோடு கிளை வந்தது, கிளையோடு செடி வந்தது, செடியோடு வேர் மண்ணுக்கு மேலே ஓர் அங்குலம் எழும்பியது.

"நல்ல பிடிமானம்," என்றார் சித்தப்பா மரியாதையோடு.

"விடுங்க," என்றார் மாமியார். "வெயில் ஏறின பிறகு பறிச்சா செடி வாடிடும்."

"அப்படி ஒண்ணும் கெடையாதே அண்ணி."

"உங்க டிபார்ட்மெண்டுல கெடையாது. எங்க வீட்டுல உண்டு."

சித்தப்பா கையை எடுத்தார். செடி மெதுவாக உள்ளே இறங்கியது. அவனும் மூச்சை இறக்கினான்.

அவசரப்பட்டுவிட்டான். சித்தப்பா பறிப்பதற்குப் பதில் கைப்பேசியை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார். ஓய்வுபெற்ற விவசாய அதிகாரிகளின் வாட்ஸப் குழு ஒன்றில் அவர் இருந்தார். மூன்று பேரும் அவன் கொடுத்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் பதினாலு பதில் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை! எங்க பழைய டைரக்டரே நம்ப மாட்டேங்கிறார். நேர்ல பார்க்கணுமாம். அடுத்த ஞாயிறு மூணு பேரைக் கூட்டிட்டு வர்றேன். ஒருத்தர் லேபுக்கு ஒரு கிளை வேணும்கிறார்."

"அடுத்த ஞாயிறா?"

"வேலை இருக்கா?"

"இல்ல மாமா," என்றான். 'இருக்கிறது' என்று ஏன் சொல்லவில்லை என்பது அவனுக்கே தெரியவில்லை.

சித்தப்பா காரைத் திருப்பி நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போகும்போதே யாருக்கோ தொலைபேசியில், "சொன்னேன்ல, எங்க குடும்பத்துக் கைராசி அப்படி," என்பது மாடிப்படி முழுக்கக் கேட்டது.

மாமியார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். தொட்டிகளைக் கேட்கப்போகிறார் என்று அவன் காத்திருந்தான். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். பையிலிருந்த கத்திரிக்காயைக்கூடப் பாதி வெளியே எடுத்துவிட்டான்.

"தொட்டி இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை."

"அத்தை, அந்தச் செடி..."

"நல்லா பார்த்துக்கறீங்க. பத்து மணிக்கு எப்பவும் போல ஃபோன் பண்ணுறேன். அடுத்த ஞாயிறு மட்டும் ஃபோன் வேண்டாம். அவங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நானே வந்துடுறேன்."

"எதுக்கு அத்தை?"

கீழே ஹார்ன் அடித்தது. மாமியார் அவன் கையிலிருந்த கத்திரிக்காயை வாங்கி, காம்பைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"அந்த நைலான் வெயில்ல மினுங்குது," என்றார். "நம்ம வீட்டுல எப்பவும் பச்சை நூல்தான்."