பதினைந்தாவது ஆளுநரும் ஒரு கல்தூணும்

உலக மரபுச் சுற்றுலாவின் வரலாற்றை நாளை யாரேனும் எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயம் எகிப்தின் பிரமிடுகளில் தொடங்காது. எங்கள் செயின்ட் எலாய் தீவின் மரபு மேம்பாட்டுத் துறைச் செயலாளர் கத்பர்ட் அல்சிடின் மேசையில்தான் தொடங்கும். அந்த மேசைக்கு மூன்று கால்கள். நாலாவது காலின் இடத்தில் துறையின் ஆண்டறிக்கைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அரசாங்க அறிக்கைகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வரலாறு கொஞ்சநஞ்சமல்ல. ஏழு தடவை பிரெஞ்சுக்காரன் தீவைப் பிடித்தான். எட்டுத் தடவை ஆங்கிலேயன் பிடித்தான். கடைசியில் இரண்டு பேருக்குமே வேண்டாமென்று ஆனபோது நாங்கள் வீரத்துடன் சுதந்திரம் பெற்றோம். இவ்வளவு வரலாறு இருந்தும் ஒரு சுற்றுலாக் கப்பலாவது இங்கே நின்றதுண்டா? பக்கத்துத் தீவுக்குப் போகிற கப்பல்கள் எங்களைக் கடக்கும்போது ஒரு தடவை ஊதிவிட்டுப் போகும். அந்த ஊதலைக்கூட "கடல்சார் வருகை" என்று கத்பர்ட் அறிக்கையில் போட்டுப் பார்த்தார். மந்திரி மசியவில்லை. 'வருகிற புதன்கிழமை கப்பல் கம்பெனியின் ஆய்வாளர் வருகிறார். அவர் சரியென்றால் வாரம் ஒரு கப்பல். இல்லையென்றால் துறைக்கு மூடுவிழா, நீர் மறுபடி மீன்வளத் துறைக்கு' என்று கடிதமே அனுப்பிவிட்டார். ஐம்பது வயதில் மறுபடி சூரை மீன் எடைபோட்டுக்கொண்டு நிற்கக் கத்பர்ட் தயாராக இல்லை.

சரி, காட்டுவதற்கு என்ன இருக்கிறது? கோட்டை இருந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஆளுக்கு நாலு கல்லாக எடுத்துப்போய் நாங்கள் சமையலறை கட்டிக்கொண்டோம். மிஞ்சியது சந்தைத் திடலில் ஒரே ஒரு கல்தூண், அதில் ஓர் இரும்பு வளையம். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்து அடிமைகளை அதில் கட்டிவைத்துத்தான் சவுக்கால் அடிப்பார்கள். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். தூணைத் தாண்டிப் போகிறவர் யாராயிருந்தாலும் செருப்பைக் கழற்றி அதன் மேல் ஒரு சாத்து சாத்திவிட்டுத்தான் போவார். கல்யாணப் பெண்கூடப் பூச்செண்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஒன்று வைத்த பிறகுதான் கோவிலுக்குள் நுழைவாள். கத்பர்டும் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று தவறாமல் கொடுத்தவர்தான்.

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குப் "பாதுகாப்பு உணர்வு" வந்துவிட்டது. தூணைச் சுற்றிக் கயிறு கட்டி, பலகை மாட்டினார்: 'மரபுச் சின்னம். அடிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.'

தூணுக்குப் பக்கத்தில் மீன் பொரித்து விற்கிற யுஃபேமியா, கத்பர்டின் கூடப்பிறந்த அக்கா. அவள் பலகையை இரண்டு தடவை படித்தாள்.

"ஏண்டா கத்பர்ட், என்னடா இது கூத்து?"

"தள்ளி நில்லுக்கா. தூணு தேஞ்சுகிட்டே போகுது. வருஷத்துக்கு நாப்பதாயிரம் செருப்படி விழுதுன்னு நிபுணர் குழு சொல்லியிருக்கு."

"குழுவுல யாரு யாரு?"

"இப்போதைக்கு நான் மட்டும்தான்."

"அப்போ என் ஆட்டை எங்கடா கட்டறது?"

"ஆடு கட்டிக்கோ. அதுல ஒரு பழமை இருக்கு. அடிக்கிறதுதான் கூடாது."

"அடிக்கலேன்னா அது வெறும் கல்லுடா, மடையா" என்று சொல்லிவிட்டு யுஃபேமியா வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். படிக்காதவர்களுக்கு மரபின் அருமை தெரிவதில்லை என்று கத்பர்ட் மனதுக்குள் வருந்தினார்.

தூண் மட்டும் போதாது, "உயிருள்ள வரலாறு" வேண்டும் என்று அடுத்ததாக அவருக்குத் தோன்றியது. ஆளுநர் வந்திறங்கும் காட்சியை நடித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஆளுநர் ஒருவர், சிப்பாய்கள் ஆறு பேர், அடிமைகள் நாற்பது பேர் தேவை என்று அறிவிப்பு ஒட்டினார். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஊரே திரண்டு வந்தது. ஆளுநராக நடிக்க அறுபத்தோரு பேர் கைதூக்கினார்கள். ஆளுநரின் மனைவியாகப் பதினான்கு பேர். அடிமைக்கு ஒரு கை எழவில்லை.

"தெயோதுல் அண்ணே, நீங்களாவது..." என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவரைக் கத்பர்ட் கெஞ்சினார்.

"வேணும்னா குதிரையா நிக்கிறேன் தம்பி. அந்த வேஷம் மட்டும் நம்மகிட்ட கேக்காதே."

ரொட்டிக்கடை ஹிப்போலித் கிரான்ப்ரே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க வம்சத்துல அந்தப் பழக்கமே கிடையாது, சொல்லிட்டேன்."

"உங்க பேரே கிரான்ப்ரே தோட்டத்து முதலாளி தன்னோட அடிமைங்களுக்கு வெச்ச பேருதானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதான் நானும் சொல்றேன். முதலாளி பேரு!"

நீண்ட விவாதத்துக்குப் பின் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது: செயின்ட் எலாயில் அடிமைகள் இருந்தது உண்மை, ஆனால் அவர்கள் இங்குள்ள யாருடைய முன்னோரும் அல்லர். அவர்கள் காட்சியில் "பின்னணியில் இருப்பதாகக் கொள்ளப்படும்." பிரெஞ்சு ஏழு, ஆங்கிலம் எட்டு என மொத்தம் பதினைந்து ஆளுநர்கள் அடுத்தடுத்து வந்திறங்குவார்கள். பதினைந்தாவது ஆளுநராக, பலரும் வற்புறுத்தியதால், கத்பர்டே நடிக்க இசைந்தார். அந்தப் பலரும் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. அவருக்கான சிவப்புக் கோட்டு, அரசினர் மாளிகையின் பழைய திரைச்சீலையில், கூட்டத்துக்கு முந்தின வாரமே தைத்து வந்துவிட்டிருந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் கம்பெனியின் மிஸ் ஹாலண்டர் படகில் வந்தார். படகுத்துறையைப் போன புயல் கொண்டுபோய்விட்டதால் படகு முழங்கால் தண்ணீரில் நின்றது. கரையில் கத்பர்ட் ஒருவர்தான். மற்றப் பதினான்கு ஆளுநர்களும் கோட்டு கசங்குமென்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கத்பர்ட் செருப்பைக் கழற்றினார். கால்சட்டையைச் சுருட்டினார். தண்ணீரில் இறங்கி முதுகைக் காட்டினார்.

"ஏறிக்கங்க மேடம்."

அந்த அம்மாளைக் கரையில் இறக்கிவிட்டு, கைக்குட்டையால் அவருடைய காலணி மணலைத் துடைத்துவிட்டார்.

"செயலாளர் எங்கே?" என்று கேட்டார் மிஸ் ஹாலண்டர்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவருக்குச் சிவப்புக் கோட்டின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆளுநராக எதிரே வந்து நின்று, 'நானே அது' என்று அறிவித்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்!

"அவரு நாலு மணிக்கு வருவாரு மேடம்."

அதுவரைக்கும் அவர் பெட்டியைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவருக்குக் குடை பிடித்தபடி பின்னால் நடந்தார். மத்தியானம் சீமைப்பலாவும் உப்பு மீனும் பரிமாறி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கோப்பினால் விசிறினார். மீன்வளத் துறை கண்முன் நிற்கும்போது எந்த வேலையும் கஷ்டமாகத் தெரியவில்லை. மூன்று மணிக்குத் தூணுக்கு வந்தார்கள். யுஃபேமியா வாணலியை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போட்டோ எடுக்கட்டுமா? அந்தத் தூண் பக்கத்துல நில்லுங்க" என்றார் மிஸ் ஹாலண்டர்.

கத்பர்ட் ஆட்டை அவிழ்த்துவிட்டு, கயிற்றைத் தாண்டிப் போய் நின்றார்.

"ரெண்டு கையையும் வளையத்துல விட்டுக்கோங்க. அப்படித்தான். இன்னும் கொஞ்சம் குனிங்க. சிரிக்காதீங்க."

கத்பர்ட் குனிந்தார். சிரிக்கவில்லை. நாலு கோணத்தில் படம் எடுத்தாயிற்று. செயலாளரைக் கூட்டி வருவதாகச் சொல்லி அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு, கத்பர்ட் வேஷம் கட்ட ஓடினார்.

நாலு மணிக்கு ஆளுநர்கள் வந்திறங்கினார்கள். மூன்றாம் ஆளுநர் நாலாம் ஆளுநரின் காலை மிதிக்க, இரண்டு பேரும் பேரரசுகளை மறந்துவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மிஸ் ஹாலண்டர் கொட்டாவி விட்டார். கடைசியில் சிவப்புக் கோட்டும் பொய்முடியுமாகப் பதினைந்தாவது ஆளுநர் வந்து அவர் முன்னால் நிமிர்ந்து நின்றார். மிஸ் ஹாலண்டர் முந்திக்கொண்டார்.

"நீங்கதான் செயலாளரா? ரொம்ப சந்தோஷம். இந்த ஆளுநருங்க எங்களுக்கு வேண்டாம், எல்லாத் தீவுலயும் இருக்காங்க. ஆனா காலையிலேர்ந்து ஒருத்தர் அடிமையா நடிச்சாரே, அவரைப் போல நான் எங்கயும் பாத்ததில்லை! எட்டு மணியிலேர்ந்து ஒரு நிமிஷம்கூட வேஷத்தை விட்டு வெளிய வரலை. யார் அவரு?"

கத்பர்ட் மெல்லப் பொய்முடியைக் கழற்றினார்.

"அட, நீங்களா!" என்று மிஸ் ஹாலண்டர் கைதட்டினார். "இந்தக் கோட்டு உங்களுக்குப் பொருந்தலை. வாரா வாரம் கப்பல் வரும், நான் எழுதிடறேன். ஆனா புதன்கிழமை தவறாம நீங்க அந்த அடிமை வேஷத்தைப் போடணும். என்ன சொல்றீங்க?"

சொல்வதற்கு ஆயிரம் இருந்தன. கத்பர்டின் முதுகு அதற்குள் வளைந்துவிட்டது.

"உத்தரவு மேடம்."

இவ்விதமாக எங்கள் துறை காப்பாற்றப்பட்டது. படகு போன பிறகு, கூட்டம் கலைந்தது. ஒருவரும் கத்பர்டைக் கேலி செய்யவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் எரிந்தது. தான் மாட்டிய பலகையைத் தானே பிடுங்கி எறிந்தார். செருப்பைத் தேடிக் குனிந்தபோதுதான் அதைக் காலையில் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

"அக்கா, உன் செருப்பைக் கொஞ்சம் கொடு."

யுஃபேமியா செருப்பைக் கழற்றினாள். ஆனால் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு தூணை ஒரு தடவை பார்த்தாள், தம்பியை ஒரு தடவை பார்த்தாள்.

"தூணு என்னடா பண்ணுச்சு, பாவம்?" என்றாள். "அதை எவனோ கொண்டுவந்து நட்டான், நின்னுச்சு. நீ உன் காலாலேயே நடந்துபோய் நின்னே."