இடது மூலைச் சாம்பியன்

அசல்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம். பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி பஜார் வீதியில் நாலு கடை தள்ளி நடந்தால் போதும், ஒருவர் மீதாவது மோதிக்கொள்வீர்கள். புதிதாக எதைக் காட்டினாலும், அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பெருமூச்சு விட்டுவிடுவார். ரோல்ஸைக் கடித்தால் மூடிப்போன ஹோட்டலின் ரோல்ஸைப் பற்றிச் சொல்வார், தேர் பார்க்கப் போனால் பழைய தேரின் சக்கரத்தைப் பற்றிச் சொல்வார், கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையுடைய அப்பாவின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார், நீங்கள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தேத்தண்ணி என்றால் என்ன என்று உங்களுக்கே விளக்குவார். "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். நம்பிவிடாதீர்கள். பின்னாலேயே ஓர் 'ஆனா' வந்துகொண்டிருக்கும்.

இந்த இனத்தில் கிளைகள் பல. பாட்டு அசல்காரர் உண்டு, கிரிக்கெட் அசல்காரர் உண்டு. நாம் பார்க்கப் போகிறவர் கொஞ்சம் அபூர்வமானவர். துணிக்கடை புவனேந்திரன், வீடியோ கேம் அசல்காரர்.

சிரிக்காதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், சாரி முந்தானையை விரித்துக் காட்டுகிறவர், கோயில் பரிபாலன சபையில் உபதலைவர். ஆனால் மனசுக்குள் அவர் இன்னும் பலீல் நானாவின் கேம் சென்டரில் நிற்கிறார். புவனேந்திரன் பள்ளிக்கூடம் போன காலத்தில், அவருடைய அப்பாவின் துணிக்கடைக்கு இரண்டு கடை தள்ளி பலீல் நானா ஒரு கேம் சென்டர் வைத்திருந்தார். அங்கிருந்த மெஷின்களில் ஒன்று அலுமாரி உயரம், நடுவில் கண்ணாடித் திரை, கீழே பிடித்து ஆட்ட ஒரு ஸ்டிக், சுட ஒரு பட்டன். மேலேயிருந்து குருவி போன்ற ஜந்துகள் வரிசை வரிசையாக இறங்கி முட்டை போடும். அடியில் இருக்கும் கப்பலை இடமும் வலமும் ஓட்டி முட்டைக்குத் தப்பிக் குருவியைச் சுட வேண்டும். செய்த கம்பெனி அதற்கு என்ன பெயர் வைத்ததோ, பதுளையில் அது குருவி கேம். எல்லாக் கட்டத்தையும் தாண்டினால் ஒரு பாட்டுப் போட்டு, உங்கள் பெயரில் மூன்று எழுத்துக் கேட்கும். கரண்ட் போனால் அந்தப் பெயரையும் மறந்துவிடும். பதுளையில் கரண்ட் போகாத நாளா? ஆகவே, மெஷினை நம்பாமல் புவனேந்திரன் தன் பெயரைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தார். கேமை முடித்தவன், பதுளையிலேயே ஒரே ஒருவன். பிறகு அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், மெஷின் பழைய இரும்புக்குப் போனது. மிச்சம் இருப்பது புவனேந்திரனின் வாய் மட்டும். அது போதாதா?

துணி வாங்க வந்தவர்கள் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். ப்ளவுஸ் பிட் எடுக்க வந்த றம்ஸியா டீச்சர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இப்போது பசறைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள் என்றால் அதற்குத் துணியின் தரம் காரணமில்லை.

இந்த நேரத்தில்தான் வீட்டு மாடிக்கு கிருஷாந்தி வந்து சேர்ந்தாள். புவனேந்திரனின் மனைவி விஜயலெட்சுமிக்கு அண்ணன் மகள். அப்பா தங்கராஜா நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபெக்டரியில் வேலை செய்கிறார். பெண் கொழும்புக் கம்பெனியொன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தோட்டத்தில் சிக்னல் மழையைப் பார்த்துவிட்டுத்தான் வரும் என்பதால் அத்தை வீட்டு மாடி. அவளுடைய கம்பெனி பழைய கேம்களின் உரிமையை வாங்கி, டி.வி.யில் பூட்டி விளையாடுகிற புது கன்சோலுக்கு ஏற்ற மாதிரித் திருப்பிச் செய்கிறது. அப்படி அவள் கைக்கு வந்தது எது என்று நினைக்கிறீர்கள்? குருவி கேமேதான்.

"மாமா, ஒருக்கா விளையாடிப் பாருங்க" என்றாள் பாவம்.

புவனேந்திரன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். பெருமூச்சு விட்டார். கண்ணைத் திறந்து, கப்பலை ஒரே ஓட்டமாக இடது மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்றாவது முட்டையில் செத்தார். மறுபடியும் இடது மூலை. மறுபடியும் செத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இது குருவி கேம் இல்லம்மா."

"ஏன் மாமா?"

"குருவி பச்சையா இருக்கணும். இது ஆரஞ்சு. அப்புறம் கப்பல் வலப்பக்கம் போகுது."

"போகத்தானே வேணும்?"

"அசல்ல போகாது. வலப்பக்கம் ஓடுறவன் பயந்தாங்கொள்ளி. இடது பக்கம் போய் நின்னு அடிக்கணும். அதான் ஆட்டம்."

கிருஷாந்தி குழம்பிப்போய் பலீல் நானாவைத் தேடிப் போனாள். அவர் அதே இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார். "பச்சையா? திரையில செவப்பு செத்துப் போச்சு மகள், அதான். ஸ்டிக்ல வலப்பக்க ஸ்ப்ரிங் ஒடஞ்சது. சாமான் கேட்டு அனுப்பினேன், வரவே இல்ல" என்றார். பிறகு அவள் பழைய கேமின் உள்விவரத்தைத் தோண்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. செய்தவர்கள் ஒரு பிழை விட்டிருக்கிறார்கள். திரையின் இடது ஓரத்தில் முட்டை விழவே விழாது. புதியதில் அதைக் கம்பெனி திருத்திவிட்டது. அவ்வளவையும் சாப்பாட்டு மேசையில் வைத்து மாமாவிடம் நிதானமாகச் சொன்னாள். சொன்னால் யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிக்க மாட்டார்களா?

அசல்காரர் யோசிக்க மாட்டார். "பாத்தியா, பழசு வேறன்னு நான் சொல்லல?" என்று மனைவியிடம் திரும்பினார். "திருத்திட்டாங்களாம். இவனுங்க யாரு திருத்துறதுக்கு?"

அன்றிலிருந்து மாடிப்படியில் புவனேந்திரனின் செருப்புச் சத்தம் ஓயவில்லை. குருவியைப் பச்சையாக்கு. ஸ்டிக்கை ஒடி. அந்தியில் ஊரெல்லாம் லைட் போட்டதும் கரண்ட் குறைந்து திரை சுருங்குமே, அதையும் கொண்டுவா. மூலையில் முட்டை விழக் கூடாது. அவருடைய ஆட்டத்துக்கு ஆதாரம் அந்த மெஷின் ஒன்றுதான். அது திரும்பி வராவிட்டால் அவர் வெறும் துணிக்கடைக்காரர். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் மாடியில் நின்று, "நான் முடிச்சேன்னு இப்ப யாரும்மா நம்புறா?" என்று கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கிருஷாந்திக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் கம்பெனியில் பேசினாள். அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் யோசனை பிடித்துவிட்டது. சரியான கேமோடு 'பதுளைப் பதிப்பு' என்று ஒன்றையும் கூடவே கொடுப்போம். அதில் முதன்முதல் முடிக்கிறவரின் பெயர் உச்சியில் அப்படியே நிற்கட்டும், வாங்குகிற வீடெல்லாம் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலீல் நானாவின் கடையிலேயே டி.வி. வைத்து எல்லார் முன்னாலும் ஆடுவதென்று முடிவாயிற்று. புவனேந்திரன் புதுச் சட்டை தைத்தார். வந்த வாடிக்கையாளருக்கெல்லாம் துணியைக் காட்ட மறந்து அழைப்புச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பகலே தங்கராஜாவும் நமுனுகுலையிலிருந்து வந்துவிட்டார். மகள் செய்ததைப் பார்க்க வேண்டுமே. கடைக்குள் நுழைந்ததும் அவர் முகத்தில் ஒரு வெட்கம். "நானும் இஸ்கூல் விட்டு வந்து இதுல ஆடுவேன்" என்றார் பலீல் நானாவிடம். "ஆனா கடைசிக் கட்டத்தைக் கண்ணால கண்டதில்ல. நமுனுகுலைக்குக் கடைசி பஸ் வந்துரும்."

"தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் அப்படித்தானே" என்றார் பலீல் நானா. "ஹோர்ன் அடிச்சா போட்டது போட்டபடி ஓடுவீங்க."

டவுன் பையன்கள் ஆடவில்லையா என்று கேட்பீர்கள். ஸ்டிக் ஒடிந்த மெஷினை அவர்கள் உதைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார்கள். பொறுமையாக இதை ஆடியவர்கள், வேறு எதுவும் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைகள்தான்.

"அப்பா, நீங்க முதல்ல ஆடுங்க" என்று கிருஷாந்தி அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். டி.வி.யில் வந்த சின்னப் பெட்டிக்குள் எதையோ தட்டி எழுதினாள். புவனேந்திரன் அப்போது வாசலில் உபதலைவர் தோரணையில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கவனிக்க நேரம் ஏது?

தங்கராஜா ஆடினார். பச்சைக் குருவி இறங்கியது, கப்பல் இடப்பக்கம் மட்டும் போனது, மூலையில் போய் நின்றது. முட்டை விழவில்லை. கட்டம் கட்டமாகத் தாண்டிக்கொண்டே போனார். வந்தவர்கள் கேக் சாப்பிட்டு முடித்து ஊர்க்கதையும் பேசி முடித்தார்கள். வெளியே வெயில் இறங்கியது, சொன்னபடியே திரை ஒரு சுற்றுச் சுருங்கியது. கடைசிக்கு முந்திய கட்டம் வந்துவிட்டது. அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஹோர்ன் கேட்டது.

தங்கராஜா எழுந்துவிட்டார். மகள் "அப்பா, தங்கிட்டுப் போங்க" என்றாள். "காலையில வேலையிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலைக் கடந்து ஓடினார்.

அந்த இருக்கையின் சூடு ஆறுவதற்குள் புவனேந்திரன் அதில் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லவில்லை. அவரும் யோசிக்கவில்லை. "ஆட்டத்தை வீணாக்கலாமா?" என்றார். கை தானாக ஸ்டிக்கைப் பிடித்தது.

பலீல் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மாதிரியேதான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். அது எல்லாருக்கும் கேட்டது.

நடுவில் புவனேந்திரனின் போன் அடித்தது. கொழும்பு மொத்த வியாபாரி, எடுக்காமல் இருக்க முடியாது. "விஜயா, இதைக் கொஞ்சம் பிடி, ஒண்ணும் செஞ்சிறாத" என்று மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். விஜயலெட்சுமி வாழ்க்கையில் கேம் விளையாடியவரல்ல. ஒரு விரலால் பட்டனை அழுத்திக்கொண்டே பக்கத்துச் சீட்டுப் பெண்மணியிடம் அவருடைய மகளின் கல்யாணச் சாரியைப் பற்றிப் பேசினார். புவனேந்திரன் திரும்பி வந்தபோது கட்டம் தாண்டியிருந்தது.

"என்னங்க, இதை எப்படி நிப்பாட்டுறது?" என்று கேட்டார் விஜயலெட்சுமி. "அதுவா போகுது."

யாரோ சிரித்தார்கள். புவனேந்திரன் காது கேளாதவர் போல ஸ்டிக்கை வாங்கி, தோளை நிமிர்த்தி, புருவத்தைச் சுருக்கிக் கடைசிக் கட்டத்தை முடித்தார். பாட்டு வந்தது. கை தட்டினார்கள். அவர் எழுந்து நின்று, வழக்கமாக மெஷின் கேட்கும் அந்த மூன்று எழுத்துக்காக விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கேட்கவில்லை. திரையில் பெயர் தானாக வந்தது. முதலாவது இடம்: தங்கராஜா.

"ஏம்மா, என்ன இது?" புவனேந்திரனின் முகம் வெளிறிவிட்டது. "அசல்ல பேரைக் கடைசியிலதானே கேக்கும்? முடிச்சவன்கிட்டதானே கேக்கும்?"

"ஆமா மாமா" என்றாள் கிருஷாந்தி. "குருவி நிறம், ஸ்டிக், மூலை, நீங்க சொன்ன எல்லாப் பிழையையும் திருப்பிப் போட்டுட்டேன். அந்த ஒரு பிழையை மட்டும் போடல. இதுல ஆரம்பிக்கிறவங்க பேரை முதல்லயே எழுதிருவோம்."

விஜயலெட்சுமி கணவனைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த அண்ணன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஓடி ஓடி வீட்டுக்கு வந்து சேர்ந்த சாயங்காலங்கள் அவருக்குத் தெரியும்.

புவனேந்திரன் குனிந்து, பட்டனை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா, இந்தப் பட்டன் சத்தம் அசல் மாதிரி இல்ல."

கிருஷாந்தி திரையைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். வழியில் பசறை தாண்டிவிட்டால் சிக்னல் போய்விடும். பார்த்தாரோ இல்லையோ, அன்றைக்குத் தெரியவில்லை.

புவனேந்திரனை நினைத்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் காலம்தான் பொற்காலம் என்று நீங்கள் எடுத்துவிடுகிற கதை ஒன்று உங்களிடமும் இருக்குமே, யார் வந்தாலும் சொல்வீர்களே, வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தது, ஒபீஸில் பெயர் எடுத்தது, ஏதோ ஒன்று. அடுத்த தடவை அதைச் சொல்ல வாயெடுக்கும்போது சற்றே நிறுத்தி, நீங்கள் உட்கார்ந்தபோது அந்த இருக்கை சூடாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லையா? பஸ் ஹோர்னாவது கேட்டிருக்கும்.