தண்டவாளம் அடித்தால்தான் ஒன்பது மணி

எங்கள் கல்லூரியில் ஒன்பது மணி எப்போது ஆக வேண்டும் என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கவில்லை, தண்டவாளம்தான் தீர்மானித்தார்.

தண்டவாளம் என்பது ஆள். திருமழிசை நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த எங்கள் கல்லூரியின் மெயின் பில்டிங்கில் பியூன். வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளம் கொடுத்தவருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எங்களுக்கு எல்லாமே அந்தக் கட்டடம்தான். கீழே கேன்டீன், கேரம் ரூம், சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்த் தொட்டி, மாடியில் லைப்ரரி. அவர் அடித்தால் லைப்ரரி திறக்கும், கேரம் ரூம் காலியாகும், கேன்டீனில் போண்டா எண்ணெயில் விழும்.

ஆனால் அவருடைய ஒன்பது மணி ஒரு நாள் ஒன்பதுக்கு வரும், மறுநாள் ஒன்பதே காலுக்கு வரும். அதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய் நிற்பார். அங்கே என்னதான் செய்கிறார் என்பது இரண்டு வருஷமாக எங்கள் மண்டையைக் குடைந்தது. பீடி என்றான் ஒருவன். புறாவுக்குத் தீனி என்றான் இன்னொருவன். சூரியனிடம் டைம் கேட்கிறார் என்றான் பூந்தமல்லி நண்பன் காதர். எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

எனக்கு இதில் கூடுதல் அக்கறை. நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். மணி அடித்ததும் கெமிஸ்ட்ரி சார் கதவைச் சாத்துவார். வெளியே நின்றவன் ஆப்சென்ட். கடைசி வருஷம், இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் என் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் சீக்கிரமே வந்து அவர் பின்னாலேயே படியேறினேன். நெற்றியில் கை வைத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, இங்க வந்துட்ட?”

“என்னண்ணா பாக்கறீங்க?”

“பஸ்ஸத்தான். ஐயப்பன்தாங்கல் பஸ்ஸு இன்னும் வர்ல. பாதி காலேஜு அதுலதான் கீது. பசங்க இல்லாம யாருக்கு மணி அடிக்கிறது, செவுத்துக்கா?”

சூரியனும் இல்லை, புறாவும் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பிறகு புது பிரின்சிபால் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்று, “ஒன்பது. அடிப்பா” என்றார். பஸ் வந்திருக்கவில்லை.

“கம்பியக் காணோம் சார்.”

பஸ் வந்ததும் கம்பியும் கிடைத்துவிட்டது. அந்த மாதத்தில் மட்டும் கம்பி நாலு தடவை தொலைந்தது.

அப்புறம் ஒரு நாள், நான் பயந்தது நடந்தது. ஆவடி பஸ் வழியில் பஞ்சர். பூந்தமல்லியில் இறங்கினால் ஐயப்பன்தாங்கல் பஸ் போயே போய்விட்டது. காதர் வீட்டுக்கு ஓடினேன். அவன் அம்மா, “சைக்கிள எடுத்துக்கினு போப்பா” என்றார். லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே மிதித்தேன். கேட்டை அடையும்போது ஒன்பது இருபது. ஹால் டிக்கெட்டை மனதுக்குள் தலைமுழுகிவிட்டேன்.

வராந்தாவில் பிரின்சிபால் கேன்டீன் பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தார். கெமிஸ்ட்ரி சார் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் கேரம் போர்டின் பாக்கெட்டுக்குள் கை விட்டு, முழ நீளக் கம்பியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். மொட்டைமாடிச் சுவரோரம் ஒரு தலை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மறைந்தது.

நிதானமாக இறங்கி வந்தவர், “கெடச்சிச்சு சார்” என்று சட்டைக்குள் முதுகுப் பக்கமிருந்து கம்பியை உருவினார். அடிப்பதற்கு முன் என் பக்கம் குனிந்தார்.

“பஸ்ஸுலேர்ந்து எல்லாம் எறங்கிச்சுங்க, நீ மட்டும் எறங்கல. போர்டுல ஒம் பேரப் போட்டுக்கீறானுங்களே. ஓடு நைனா.”

ஓடினேன். ஹால் டிக்கெட் வந்தது, பாஸும் செய்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீஸ்களில் வேலை பார்த்துவிட்டேன். நான் வந்து சேரும்வரை ஒன்பது மணியைப் பிடித்து நிறுத்திவைத்தவர் அவர் ஒருவர்தான்.