பூசைக் கருத்தில் ஒரு சிறுநீரகக் கல்

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு, உறுவையாற்றிலிருந்து அப்பா இன்னாசிமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. மாதா கிருபையால் அம்மாவும் பசுமாடும் சுகம். நான் சுகமில்லை என்பது உனக்கே தெரியும். அந்தச் சுகவீனத்துக்கு நீ சொன்ன நம்பரால் இப்போது உன் கல்யாணமே அந்தரத்தில் நிற்கிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பியதும் நீ என்ன சொன்னாய்? "கிட்னியில கல்லுப்பா, எங்க மெடிக்கல் கோடிங் வேலையில ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோடு, இதுக்கு N20.0. எங்க ஆபீஸ்ல நோயாளி விஷயத்த வெளிய வுடமாட்டோம், கோடு மட்டுந்தான்" என்றாய். படித்த பிள்ளை சொல்கிறதே என்று நானும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேண்டிக்கொள்ளக் கொடுக்கும் கருத்துச் சீட்டில் கல்லென்று எழுதாமல், "இன்னாசிமுத்துவின் N20.0 நீங்க" என்று எழுதிக் கொடுத்தேன். சாமியாரும் மைக்குல அப்படியே வாசிச்சிட்டாரு. சனமெல்லாம் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லிட்டுத் திரும்பித் திரும்பி என்னையே பாக்குது. பூசையில ஒருத்தருக்கொருத்தர் கைகுடுத்துச் சமாதானம் சொல்லும்போது பக்கத்துல நின்ன அன்புராஜ் கையக் குடுக்காம ரெண்டடி தள்ளி நின்னு கும்புட்டான். வெளிய வர்றதுக்குள்ள ஒருத்தி புதுக் காய்ச்சல்ங்கறா, ஒருத்தி ரத்தத்துல ஏதோங்கறா, டீக்கடையில எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. "கல்லுதான்யா, வெறுங் கல்லு"ன்னு கத்துனா, டீக்கடைக்காரன் "கல்லுன்னா கல்லுன்னு எழுதறது, இன்னாத்துக்கு நம்பரு?"ங்கறான். திங்கக்கிழமைக்குள்ள சேதி தவளக்குப்பத்துல உன் மாப்பிள்ளை வூட்டுக்கே போயிடுச்சி. மாப்பிள்ளையோட அப்பா சார்லஸ் போன் பண்ணி, "நிச்சயதார்த்தத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாங்க"ன்னுட்டாரு. உங்கம்மா சோத்துத் தட்ட நங்குனு வெச்சிட்டுப் போறா. கல்லு வலியக்கூடத் தாங்கிடுவேன், உன்ன நெனச்சாதான் தூக்கம் வர்லம்மா.

அதனால, N20.0ன்னா வெறுங் கல்லு, யாருக்கும் ஒட்டாதுன்னு உங்க ஆபீஸ் முத்திரையோட ஒரு லெட்டர் உடனே அனுப்பு. அதையும் மைக்குல வாசிக்கச் சொல்றேன்.

தண்ணி நெறைய குடி. மாதா உனக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டா.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: லெட்டர் வேணாம். இப்பத்தான் சார்லஸ் சாத்துக்குடியோட வந்துட்டுப் போனாரு. கல்லுன்னு அவருக்கு அன்னிக்கே தெரியுமாம், மாப்பிள்ளை நெட்டுல பாத்துச் சொல்லிட்டாராம். அவர் பயமே வேறம்மா. அவரோட ஆஸ்பத்திரிச் சீட்டுல F10ன்னு இருக்குதாம், அது குடிக்குப் போடற கோடாம். வூட்டுல வயித்துப்புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்காரு. கோடு படிக்கத் தெரிஞ்ச மருமக வந்தா மானம் போயிடும்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு, பாவம். நீ காட்டிக் குடுக்கமாட்டன்னு உன் பேருல சத்தியம் பண்ணிட்டேன். வர்ற பதினாலாந்தேதி நிச்சயதார்த்தம். சம்பந்தியம்மா ஏதாவது சீட்டக் காட்டி "இது இன்னாம்மா?"ன்னு கேட்டா, வயித்துப்புண்ணுன்னே சொல்லிடு.