இரண்டு கைகளையும் பிடிக்க வேண்டாம், மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் பேத்தி பட்டாணியும் நலம். அங்கு நீங்களும் அத்தையும், முக்கியமாக அத்தையின் முழங்காலும் நலமா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பேச இடம் கிடைப்பதே நீங்கள் "சரி, வச்சிடறேன்" என்று சொன்ன பிறகுதான் என்பதால், கடிதமே உத்தமம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முந்தாநாள் நீங்கள், "மாப்பிள்ளை, குழந்தையைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதெல்லாம் உங்களால ஆகற காரியமில்ல. நான் வர்றேன். ரெண்டு கையையும் நான் பிடிச்சுக்கறேன், காலை நீங்க அமுக்குங்க, ஒரு நொடியில முடிஞ்சுடும்" என்றீர்கள். தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்று தெரிவிக்கவே இக்கடிதம். பல் அடைத்தாகிவிட்டது. யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. எப்படி என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

உங்கள் மகள் அலுவலகப் பயிற்சி என்று வெளியூர் கிளம்பும்போதே பட்டாணியின் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. முதல் தடவை கூட்டிப்போனபோது பட்டாணி வாயை மூடியவள் மூடியவள்தான், வீட்டுக்கு வந்து பால் டம்ளரைப் பார்த்த பிறகுதான் திறந்தாள். டாக்டரம்மா பொறுமைசாலி. "இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் சார். அப்பவும் முடியலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்துத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டார். ஆறு வயதுக் குழந்தைக்கு, ஒரு பல்லுக்கு, மயக்க மருந்து! உங்கள் மகளோ ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "நான் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க, ஆனா அவ அழக் கூடாது. எங்கப்பாவைக் கூப்பிட்டீங்க, தெரியும் சேதி!" என்றாள். என் நிலைமை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று ஆகிவிட்டது.

நான் வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். "நீங்க மழைன்னு சொன்னா நான் துணி காயப்போடலாம்னு அர்த்தம்" என்று அத்தை கேலி செய்வது எனக்கும் தெரியும். இருந்தாலும் தொழில் புத்தி போகுமா? பட்டாணி எப்போது அழுகிறாள், எதற்கு அடம் பிடிக்கிறாள், தூங்கி எழுந்தால் எப்படி, பசியில் எப்படி என்று ஒரு வாரம் கவனித்தேன். டாக்டரம்மாவிடமும் யோசனை கேட்டேன். காலை நேரம் நல்லது, ஊசி என்ற பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது, வலிக்கவே வலிக்காது என்று பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது, பொம்மை வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டக் கூடாது என்றார். "வீட்டுல டாக்டர் விளையாட்டு விளையாடுங்க சார். என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும்." எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நான் வெளியிட்ட முன்னறிவிப்பு: காலையில் லேசான முனகல், வாசலில் மிதமான அழுகை, நாற்காலியைக் கண்டதும் இடியுடன் கூடிய கனத்த அழுகை, ஓரிரு இடங்களில் கடி.

ஒத்திகை தினமும் சாயங்காலம் நடந்தது. சாய்வு நாற்காலி, டார்ச் லைட், ஒரு ஸ்பூன். அவள் டாக்டர், நான் நோயாளி. அடடா மாமா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வீட்டில் என்னை நீ, வா, போ என்பவள், ஸ்பூனைக் கையில் எடுத்ததும், "உக்காருங்க சார். ஆ காட்டுங்க. இது கண்ணாடி, பல்லை எட்டிப் பாக்கும், அவ்வளவுதான். பயமா இருந்தா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவேன்" என்பாள். டாக்டரம்மா முதல் நாள் சொன்னதை வாயை மூடிக்கொண்டிருந்தாலும் காதைத் திறந்து வைத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் என் வாய்க்குள் டார்ச் அடித்துவிட்டு, "சார், உள்ளே எறும்புப் புத்து இருக்கு" என்றாள். குழந்தை விளையாட்டு என்று சிரித்துவிட்டேன். ஒத்திகையில் ஒரு சின்னப் பிசகு நடந்திருக்கிறது என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு நாள்கூட நாங்கள் வேஷத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை.

சனிக்கிழமை காலை. முனகல் இல்லை. வாசலில் அழுகை இல்லை. காத்திருக்கும் அறையில் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். கடிக்கும் அபாயத்துக்காக நான் கொண்டுபோன தடித்த துண்டு என் நெற்றி வியர்வையைத் துடைக்கத்தான் உதவியது. பெயர் கூப்பிட்டதும் ராணி மாதிரி உள்ளே நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பெரிய நாற்காலியைத் தாண்டிப் போனாள். டாக்டரம்மாவின் சக்கர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டிக் கையுறை கேட்டாள். என்னைப் பார்த்து, "ஏறிப் படுங்க சார்" என்றாள்.

"பட்டாணி, இன்னிக்கு நீதான்டா கண்ணு..." என்று ஆரம்பித்தேன். "நான் டாக்டர். அப்பாதான் எப்பவும் பேஷன்ட்" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாளாவது எனக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், "டாக்டர் சொன்னா கேக்கணும்ல சார்?" என்கிறார்! வேறு வழி? ஏறினேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு எரிந்தது. பட்டாணி கண்ணாடியை உள்ளே விட்டாள், டாக்டரம்மா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"புத்து. நான் அப்பவே சொன்னேன், இவர் கேக்கல."

"கரெக்ட் டாக்டர். சார், கடைசியா எப்ப பல்லைக் காட்டினீங்க?"

மாமா, உங்களிடம் சொல்வதற்கென்ன. கடைசியாகக் காட்டியது என் எட்டாவது வயதில். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் காலை அமுக்கினார். ஒரு நொடியில்தான் முடிந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. ஆனால் அதற்குப் பிறகு பல் ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்தாலே எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பவன் நான். பட்டாணியை அப்படி ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே பயம். அதனால்தான் உங்களை வர வேண்டாம் என்று முன்பே மழுப்பினேன். அந்த நாற்காலியில் படுத்தபோது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தாடை கிடுகிடுவென்று ஆடியது. அதைப் பார்த்ததும் அவள் டாக்டர் பேச்சை விட்டுவிட்டாள். "அப்பா, பயப்படாதே. கையைத் தூக்கு."

தூக்கினேன். உடனே கண்ணாடியை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்காக யாரும் அப்படி நிறுத்தியதில்லை, மாமா. நான் அழுதுவிட்டேன். முன்னறிவிப்பு முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. மழை பெய்தது, நாங்கள் சொன்ன இடத்தில் பெய்யவில்லை, அவ்வளவுதான்.

"இறங்கு. எப்படின்னு நான் காட்டறேன், பாத்துக்கோ" என்று பட்டாணியே ஏறிப் படுத்தாள். சும்மா சோதித்துப் பார்க்க மூன்று தடவை கையைத் தூக்கினாள். மூன்று தடவையும் டாக்டரம்மா நிறுத்தினார். அப்புறம் கையைத் தூக்கவே இல்லை. பல் அடைத்து முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே தாங்கள் நிம்மதியாக இருங்கள். பல் விஷயத்தில் இந்த வீட்டில் இனி யாருக்கும் பயம் இல்லை, யாரையும் யாரும் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அத்தைக்கு என் வணக்கமும், துணி காயப்போடலாம் என்ற செய்தியும்.

தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
அன்பு மருமகன்

பி.கு.: என் பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டுமாம். வியாழக்கிழமை காலை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பட்டாணிக்கு அன்று பள்ளிக்கூடம், லீவு போட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நேற்று ஒத்திகை பார்த்தோம். அவள் ஸ்பூனை எடுப்பதற்கு முன்பே என் இரண்டு கைகளும் தாமாக மேலே போய்விடுகின்றன, இப்படியே போனால் டாக்டரம்மாவால் ஆரம்பிக்கவே முடியாதாம். எனவே தயவுசெய்து புதன்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள் மாமா. பட்டாணி உங்களுக்கு ஒரு நிபந்தனை சொல்லச் சொன்னாள்: "தாத்தாவை ஒரு கையை மட்டும் பிடிச்சுக்கச் சொல்லு. இன்னொன்னு அப்பாவுக்குத் தூக்கறதுக்கு வேணும்."