மத வகுப்பில் ஒரு வெள்ளோட்டம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது, நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், இதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காலமெல்லாம் மதபோதனை ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குக் கடுங்கோபம். உங்கள் மேலும்தான். உங்கள் பெண் கண்ணை மூடிய நாளிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, தூக்கமும் சரியாக வரவில்லை, கோபம் மட்டும் நன்றாக வருகிறது.

இந்த வம்பை ஆரம்பித்து வைத்ததே உங்கள் தலைமுறைதான். உங்கள் காலத்தில் ஒரே மதம், ஒரே வகுப்பு, மற்ற வீட்டுப் பிள்ளைகளை அந்த நேரத்தில் மைதானத்துக்கு விரட்டிவிடுவீர்களாம். அவர்கள் பந்து உதைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே உங்கள் பாடத்தைக் கோட்டை விட்டதாக உங்கள் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு, உள்ளே உட்கார்ந்த பிள்ளைகளின் பெற்றோர் 'அவர்களுக்கு மட்டும் விளையாட்டா' என்று சண்டைக்கு வர, மைதானத்துப் பிள்ளைகளையும் பிடித்துப் போட்டு நன்னெறி வகுப்பு என்று ஒன்று நடத்தினார்கள். நடத்தியவர் விளையாட்டு வாத்தியார். நன்னெறி என்றால் அவருக்கு வரிசையில் நிற்பது. பிறகு மைதானத்துப் பிள்ளைகளின் பெற்றோரும் எங்கள் மதத்துக்கும் ஆள் போடுங்கள் என்றார்கள், நியாயம்தானே, ஆள் வந்தது, ஆனால் அறை வரவில்லை. அதனால் இன்றைக்கு உங்கள் மதம் சாப்பாட்டுக் கூடத்தில், எங்கள் மதம் ஆய்வுக்கூடத்தில், இன்னொன்று மேடைத் திரைக்குப் பின்னால், எதிலும் சேராதவர்களுக்கு நூலகம். பிள்ளைகள் மதத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "நீ மேடையா, ஆய்வுக்கூடமா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

குழந்தை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்பது எங்கள் இருவருக்கும் பேச்சு. உங்கள் பெண் இருந்தவரை பள்ளிக்கூடத்தோடு பேசுவதெல்லாம் அவள்தான். இந்த வருஷம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்கு ஏதாவது ஓர் அறையைச் சொல்லுங்கள் என்றார். நீங்கள் ஃபோனில் சாப்பாட்டுக் கூடம் என்றீர்கள். என் அக்கா ஆய்வுக்கூடம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் ஏசி வேலை பார்க்கிறவன், ஓட்டிப் பார்க்காமல் எந்த மெஷினுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. "ஒவ்வொண்ணுலயும் ஒரு மாசம் உக்காரட்டும் மேடம். எது நல்லா ஓடுதோ அதுலயே போட்டுடலாம்"னு சொன்னேன். அந்தம்மாவும் தலையாட்டிட்டாங்க. நான்தான் ஏதோ மரத்துப்போய்ச் சொன்னேன், படிச்சவங்க மறுத்திருக்க வேணாமா?

குழந்தை நாலு இடத்துலயும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கு மாமா. எங்கம்மா எப்ப வருவாங்க? ஆய்வுக்கூடத்துல, அம்மா தூங்குறாங்க, ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து எழுந்திருப்பாங்கன்னு பதில். எந்தக் கிழமைன்னு கேட்டதுக்கு அது யாருக்கும் தெரியாதாம். சாப்பாட்டுக் கூடத்துல உங்க இடத்துக்கு வந்தவர், அம்மா நல்ல இடத்துல இருக்காங்க, நல்லது செஞ்சா நாமளும் போய்ப் பாக்கலாம்னுட்டார். அன்னையிலேர்ந்து இது பென்சில், ரப்பர், தண்ணி பாட்டில்னு கண்டவங்களுக்கும் தானம் பண்ணுது, வாங்கிக் கொடுத்து மாளலை. மேடையில, அம்மா எங்கயோ பாப்பாவா பொறந்திருப்பாங்கன்னு சொல்லிட்டாங்க. போச்சா. இப்ப பஸ் ஸ்டாப்புல எந்தக் கைக்குழந்தையைப் பாத்தாலும் கிட்டப் போய், "என்னைத் தெரியுதா?"ன்னு கேக்குது. அந்தக் குழந்தையோட அம்மா என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி முறைக்கிறா. நான் என்னத்தச் சொல்ல? நூலகத்து மிஸ், எனக்குத் தெரியலடா கண்ணுன்னு சொல்லி ஒரு டைனோசர் புத்தகத்தைக் கொடுத்தாங்களாம்.

ஞாயித்துக்கெழமை என்னை உக்கார வெச்சு அது பேசுது.

"நாலுலயும் கேட்டுட்டேன்பா. மேடைதான் சீக்கிரம். ஆனா அம்மா பாப்பாவா வந்தா என்னைத் தூக்க முடியாது. ஆய்வுக்கூடம் லேட்டாகும். சாப்பாட்டுக் கூடம்னா நாமதான் போகணும், நீங்க லீவு போடணும்."

"நூலகம்?"

"அங்க ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த மிஸ்தான் அழுதாங்க." அப்புறம், "நீங்க எதுப்பா?"ன்னுச்சு.

நான் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்னேன். வேற என்ன சொல்றது? ஒரு கட்டடத்தையே குளிர வெக்கிற நாப்பது டன் சில்லர் நின்னு போனா எங்க கோளாறுன்னு காதால கேட்டே சொல்லுவேன். இதுக்கு என்கிட்ட ஒரு எழவு பதிலும் இல்ல. அதை என் வீட்டு மேஜையில, என் குழந்தை வாயால கேக்க வெச்சுட்டாங்க பாருங்க, அதான் வயிறு எரியுது. நாளைக்கே போய், என் பொண்ணு எந்த அறைக்கும் வரமாட்டா, அந்த நேரத்துல வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு முகத்துக்கு நேரா சொல்லப் போறேன். நீங்க ஃபோன் பண்ணித் தடுக்காதீங்க. அக்காவுக்கும் இதையேதான் சொல்லிட்டேன்.

அத்தைக்கு என் நமஸ்காரங்கள். உங்கள் ஆசி குழந்தைக்கு எப்போதும் வேண்டும். எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அவ்வளவு போதும்.

கோபம் குறையாத, மரியாதையும் குறையாத,
உங்கள் மருமகன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் பள்ளிக்கூடம் போய்வந்துவிட்டேன். மத வகுப்பு நேரம், தலைமையாசிரியை இல்லை, மேடைப் பக்கம் காத்திருக்கச் சொன்னார்கள். அறை முடிவாகாததால் நம் குழந்தையும் அங்கேதான் திரைக்குப் பின்னால் இருந்தது. பூனை செத்துப்போச்சு என்று ஒரு சின்னப் பிள்ளை தேம்பிக்கொண்டிருந்தது. வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் நம்மது சொல்கிறது: "அழாத. இதுக்கு நாலு பதில் இருக்கு. எல்லாத்தையும் சொல்றேன், எது வேணுமோ எடுத்துக்க." ஒன்றுவிடாமல் சொன்னது. வாத்தியாரும் குறுக்கே பேசவில்லை. அந்தப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது. நானும் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மாமா, இத்தனை மாதம் கழித்து, அதுவும் ஊர் பேர் தெரியாத ஒரு பூனைக்கு. குழந்தையை எந்த வகுப்பிலிருந்தும் நிறுத்தவில்லை. பெரியவர்களுக்கு இந்த வகுப்பு உண்டா என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். குழந்தை திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு இப்பத்தான முதல் அறை. நாலையும் கேட்டுட்டு நீங்க எதுன்னு மெதுவா சொல்லுங்க" என்றது.